பார்த்தவர் பெயர் இல்லாத செய்தி

அக்கா, அக்கா, நம்ம பக்கத்துக்கு ஒரு லட்சம் பேர் வந்துட்டாங்க!

நான் வேலை பார்க்கிற கடையில் ஒருத்தர் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். மெஷினுக்குள் வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால், கலர் கலராகக் காகிதம் பறக்கிற படம், நடுவில் ஒன்றுக்குப் பக்கத்தில் அத்தனை சைபர். நான் கத்தியே விட்டேன். அவர் பதறிப்போய், "என்னத்தா, கார்டு உள்ள மாட்டிக்கிருச்சா?" என்று கேட்டார்.

உடனே உன் சாட்டைத் திறந்தேன். பாதி டைப் அடித்த பிறகுதான் உறைத்தது. கடைசியாக நீ அனுப்பியதற்குக் கீழே, இத்தனை மாதமாக நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. அங்கே இன்னொன்றைச் சேர்ப்பதற்குப் பதிலாக, நாம் நடத்திய பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரம் பேர் சேர்ந்த அன்றைக்கு நீ பண்ணிய கூத்து நினைவிருக்கிறதா? மதுரை ஹாஸ்டலில் இருந்து வீடியோ காலில் வந்து, பன்னு ஒன்றில் தீக்குச்சியைக் குத்தி, ஊதி அணைத்தாய். "ஆயிரமாவது ஆளு யாருன்னு கண்டுபிடி புள்ள, அவருக்கு நம்ம பக்கத்துல பேட்டி" என்றாய். தேடிப் பார்த்தால் உன் சித்தப்பா! முகத்துக்குப் பதிலாகத் தன் படகின் படத்தை வைத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் கணக்கு தொடங்கியிருந்தார். "எங்க வீட்டு ஆளுகள விட்டா நமக்கு யாரு இருக்கா" என்று நீ சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது.

இப்போது ஒரு லட்சம். சந்தோஷப்படத்தான் ஆசை. ஆனால் இவர்களில் முக்கால்வாசிப் பேர் நீ கடலில் போன பிறகு வந்தவர்கள். நீ போகவே இல்லை, எங்கேயோ இருக்கிறாய் என்று நம்பி வந்தவர்கள்.

நான் முதலில் உனக்கு வெறும் ரசிகைதான். ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒருநாள் எதிரில் வந்தாய். தங்கச்சிமடத்துப் பேச்சில், மூச்சு விடாமல், புயல் வருகிறது என்று பரவிய ஒரு வீடியோவைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தாய். பின்னால் கொடியில் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. அதைக்கூட மறைக்கத் தோன்றாத ஒருத்தியை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது! அதற்குப் பிறகு நீ எதைப் போட்டாலும் முதல் கமெண்ட் என்னுடையதுதான். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்று, ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தவளுக்கு, இதழியல் படிக்கிற ஓர் அக்கா தன் கமெண்டுக்கு இதயம் போட்டாள் என்றால் சும்மாவா?

அப்புறம் அந்தக் கண்மாய் விவகாரம். 'ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் உடைந்தது, ஊரே மூழ்கும் அபாயம்' என்று ஒரு வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றியது. நீ முதல்முறையாக எனக்கு நேரடியாகச் செய்தி அனுப்பினாய்.

"நீ அந்த ஊருதான புள்ள? கண்மாய் உடைஞ்சிருச்சா?"

"ஆமாக்கா! பத்து குரூப்ல வந்திருச்சு!"

"குரூப்ல வந்தது கெடக்கட்டும். நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டிலேயே அந்த வீடியோவை முதலில் அனுப்பியது எங்கள் அய்யாதான். அவர் விடியற்காலையில் அந்தக் கரையில்தான் மாட்டைக் கட்டிவிட்டு வருவார். "அய்யா, காலையில அங்கன நின்னுட்டுத்தான வந்தீக?" என்று கேட்டேன். "நான் வந்ததுக்கு அப்பறம் உடைஞ்சிருக்கும்த்தா, குரூப்ல போட்டிருக்காகல்ல" என்றார். தான் கண்ணால் பார்த்த கரையைவிட, கையில் வந்த வீடியோவை நம்பிய மனுஷன்!

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கண்மாய்க்குள்ளே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆடு மேய்த்தவர் என்னையும் போனையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தண்ணியே இல்லாத கண்மாய் எப்பிடித்தா உடையும்? ஆட்டுப் புழுக்கதான் பெருகி ஓடணும்" என்றார். அதை அப்படியே படம் பிடித்து அனுப்பினேன். நீ அதை எடிட்கூடப் பண்ணவில்லை. கீழே மட்டும் ஒரு வரி சேர்த்தாய். 'பார்த்தவர்' என்று போட்டு, என் பெயர், நான் நின்ற இடம், பார்த்த நேரம்.

என் பெயரைச் செய்தியில் பார்த்த அந்த மகிழ்ச்சியை எங்கே வைப்பேன்? அன்றிலிருந்து நான் நம் பக்கத்தின் ஆள். எடிட்டிங், எழுத்து ஓட விடுவது எல்லாம் போனிலேயே நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டேன். நம் பக்கத்துக்கு இருந்தது அந்த ஒரே ஒரு வழக்கம்தான். எந்தச் செய்தியானாலும் கடைசியில் 'பார்த்தவர்' வரி இருக்க வேண்டும். யார், எங்கே நின்று, எதுவரைக்கும் பார்த்தார் என்று போட வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கக் கூடாது. ஆள் இல்லையென்றால் செய்தி இல்லை.

அதனால் நாம் எப்போதும் பிந்தித்தான் வந்தோம். மற்ற பக்கங்களெல்லாம் போட்டு, ஆறி, மறந்து, அடுத்ததற்குப் போன பிறகு நம்முடையது வரும். நான் சண்டை போடுவேன். "செத்த வீட்டுக்குப் பதினாறாம் நாள் போற மாதிரி இருக்குக்கா." நீ சிரிப்பாய். "போய்ப் பாத்தவன் சொல்றதுக்கும் ஒரு ஆளு வேணும்ல புள்ள." ஆனால் லைக் குறைந்த நாளில் உனக்கும் முகம் சுண்டிவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்ப்பாய். உன்னை மகான் ஆக்க நான் தயாரில்லை.

உன் வகுப்புக் கதை ஒன்றை நீ சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு செய்தி கண்டுபிடித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் அதே ரீலைக் கொண்டுவந்திருந்தார்கள், வைகையில் முதலை! காலேஜிலிருந்து வைகைப் பாலத்துக்கு டவுன் பஸ்ஸில் நான்கே நிறுத்தம். ஒருத்தரும் இறங்கிப் பார்க்கவில்லை. "நீ என்னக்கா கொண்டு போன?" என்று கேட்டேன். "நானும் முதலைதான்" என்றாய். "நானும் மொதல்ல ரீல்ஸ்லதான பாக்குறேன். பேப்பர் வாங்குறது எங்க வார்டன் மட்டும்தான். அதுலயும் மீன் கருவாடு கட்டிருது மெஸ்ஸு."

முதல்முறை உன் வீட்டுக்கு வந்ததையும் சொல்ல வேண்டும். உன் அம்மா சூடை மீனைப் பொரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். "நெல்லு வெளையிற ஊருப் புள்ள, மீனு திங்கவே தெரியல பாரு, முள்ளோட மல்லுக்கு நிக்கிது" என்று எனக்கு முள் எடுத்துக் கொடுத்தார்கள். உனக்கு அப்பா இல்லாமல் போனதிலிருந்து அந்த வீட்டுக்கு எல்லாமே சித்தப்பாதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் நாம் நான்கு பேரும் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போனோம். சாலை முடிந்து மணலில் கால் வைத்ததும் என் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால், 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று ஒரு மெசேஜ்! நான் அரண்டுபோய், "அக்கா, எல்லை தாண்டிட்டமா?" என்று கேட்டேன்.

சித்தப்பா சிரித்து சிரித்து மணலில் உட்கார்ந்தேவிட்டார். "போலீசு வருது, ஓடியாத்தா!" உன் அம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். "இங்கன நின்னா அந்தப் பக்கத்து டவருதான் எடுக்கும். வாரா வாரம் இலங்கைக்காரன் எங்கள வாங்க வாங்கன்னு கூப்புடுறான், ஒரு டீ வாங்கித் தாரானா பாரு." எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் இது தெரியாது. உங்கள் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த மெசேஜை நீ ஒவ்வொருமுறையும் ஸ்டேட்டஸாக வைப்பாய். 'விசா இல்லாம வந்தாச்சு', 'மாமியார் வீட்டுக்கு வந்திருக்கேன்' என்று கீழே ஏதாவது எழுதுவாய். கடைசி நாளும் வைத்தாய்.

அன்றைக்கு ஒரு வீடியோ சுற்றியது. அரிச்சல்முனைக்குத் தெற்கே படகு கவிழ்ந்து, நான்கு பேர் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார்கள் என்று. யார் எடுத்தது என்று எவருக்கும் தெரியவில்லை. நம் பக்கத்தில் கேட்டுப் பார்த்தோம், பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. நீ லீவுக்கு ஊரில் இருந்தாய். நான் போனில் சொன்னேன், "பாத்தவுக யாருமே இல்லைன்னா பொய்யின்னு விட்டுறலாமுல்லக்கா." நீ சொன்னாய், "பொய்யின்னும் யாரும் பாக்கல புள்ள. நாலு உசுரு. சித்தப்பா படகு எடுக்குறாரு, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாரேன்."

மணலில் நின்று அந்த மெசேஜை ஸ்டேட்டஸ் போட்டாய். படகில் ஏறினாய். நீரோட்டம் இழுக்கிற இடத்தில் படகு புரண்டது. வெகு நேரம் கழித்துச் சித்தப்பாவை மட்டும் வேறொரு படகு தூக்கிக்கொண்டு வந்தது. பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் எத்தனையோ படகுகள் தேடின. நீ கிடைக்கவில்லை. நீ பார்க்கப் போன அந்த வீடியோ வேறு ஏதோ நாட்டுக் கடலில் எப்போதோ எடுத்தது என்று பிறகு தெரிந்தது.

உன்னைப் பற்றிய செய்தியை நான்தான் போட வேண்டியிருந்தது. வேறு யாரிடமும் பாஸ்வேர்டு இல்லை. சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நம் வழக்கப்படி கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கையப் புடிச்சிருந்தேன்த்தா. ரெண்டாவது அலையில வழுக்கிருச்சு. தலைய ஒருக்கா பாத்தேன். அம்புட்டுத்தான்." அப்படியே எழுதினேன். 'பார்த்தவர்: படகில் உடன் இருந்த சித்தப்பா. கை நழுவியதைப் பார்த்தார். தலையை ஒருமுறை பார்த்தார். அதற்கு மேல் பார்க்கவில்லை.' இறந்தாய் என்று எழுதவில்லை. அதை யாரும் பார்க்கவில்லையே. நீயாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாய்.

ஐம்பது பேர்கூட அதைப் பகிரவில்லை.

இரண்டு நாளில் வேறொன்று வந்தது. உன் ஸ்டேட்டஸின் ஸ்கிரீன்ஷாட், மேலே சிவப்பு எழுத்து: 'கடலில் விழுந்ததாக நாடகமாடி இலங்கைக்குத் தப்பினாரா மாணவி? அதிர வைக்கும் ஆதாரம்!' கீழே என் வரியையே வெட்டி ஒட்டியிருந்தார்கள். 'அதற்கு மேல் பார்க்கவில்லை' என்பதைச் சுற்றி ஒரு வட்டம். 'கூட இருந்த சித்தப்பாவே பார்க்கவில்லையாம்!' நாம் கவனமாக நிறுத்திய இடத்திலிருந்து அவர்கள் தொடங்கினார்கள், அக்கா.

அது எப்படிப் பரவியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன்னோடு படித்தவர்களே சோக இசை போட்டு, 'எங்கே இருக்கிறாய் தோழி' என்று ரீல் செய்தார்கள். அதில் ஒருத்தியை அழைத்துச் சண்டை போட்டேன்.

"அந்த மெசேஜ் அங்க நிக்கிற எல்லார் போனுக்கும் வரும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமுல்ல?"

"கேக்கணும்னுதான் நெனச்சேன்ப்பா. அதுக்குள்ள எங்க கிளாஸ்ல எல்லாரும் போட்டுட்டாங்க. நான் மட்டும் போடலைன்னா, பிரெண்டுக்காக ஒரு ஸ்டோரிகூட வைக்கலன்னு சொல்ல மாட்டாங்களா?"

அவள் கெட்டவள் இல்லை. பேசும்போது அழுதாள். ரீலை எடுத்தாளா என்றால், இல்லை. அதற்கு அவ்வளவு பேர் வந்துவிட்டார்கள்.

நான் விளக்கம் போட்டேன். அரிச்சல்முனைக்குப் போய், என் போனில் அந்த மெசேஜ் வருவதை நேரலையில் காட்டினேன். 'இவளும் அவளுக்கு உடந்தை' என்று கமெண்ட் வந்தது. அந்த வீடியோவால்தான் நம் பக்கத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. இன்றைய லட்சம் அப்படி வந்த லட்சம்.

இதெல்லாம் போகட்டும். யாரோ எவரோ. ஆனால் உன் அம்மா?

கல்லறைத் திருநாள் வந்துகொண்டிருந்தது. சித்தப்பா சர்ச்சில் உனக்காகப் பூசைக்குச் சொல்லிவிட்டு, மெழுகுதிரிக் கட்டோடு வீட்டுக்கு வந்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். உன் அம்மா அந்தக் கட்டைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார்கள்.

"உசுரோட இருக்குற புள்ளைக்கா திரி ஏத்துற?"

"மைனி, நான் பாத்தேன் மைனி. என் கையில இருந்துதான் போனா."

"நீ எம்புட்டுப் பாத்த? இந்தப் புள்ளதான எழுதியிருக்கு, அதுக்கு மேல பாக்கலைன்னு. பொய்யா எழுதியிருக்கு?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். எழுதியது நான்தான். அவர் ஒவ்வொரு திரியாகப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனார். தேடியவர்கள் இழுத்து வந்துபோட்ட அவர் படகு அதற்குப் பிறகு கரையிலேயே கிடக்கிறது.

நான் உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா, அந்த மெசேஜ் அங்கன போற எல்லாருக்கும் வரும்ல. நீங்கதான எனக்குச் சொன்னீக."

"எனக்கே சொல்லித் தாரியா? டவரு எடுக்குறது எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் என்னம்மா?"

"அப்பறம் எதுக்கு இம்புட்டுப் பேரு போடுறாக? அவ கூடப் படிச்ச புள்ளைகளே போட்டிருக்குதுக. படிச்சதுக. ஒண்ணுமே இல்லாமயா போடும்?"

எங்கள் அய்யாவிடம்கூட என்னால் கரையைக் காட்டிச் சிரிக்க முடிந்தது. உன் அம்மாவுக்குக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? கடலைக் காட்டவா?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறி வருகிறேன். உன் அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் அந்தப் பதிவுகளுக்குக் கீழே வருகிற கமெண்டுகளை நான் வாசித்துக் காட்ட வேண்டும். அசிங்கமானவற்றைத் தாண்டிவிடுவேன். போன மாதம் ஒருத்தன், 'மன்னார் பஸ் ஸ்டாண்டில் இந்த அக்காவைப் பார்த்தேன், நீலச் சுடிதார்' என்று போட்டிருந்தான். தாண்டுவதற்குள் உன் அம்மாவுக்கு, இலங்கைக் கரையில் இருக்கிற அந்த 'மன்னார்' கண்ணில் பட்டுவிட்டது. எழுந்து போய் பீரோவைத் திறந்தார்கள். உன் துணிகளையெல்லாம் கட்டிலில் கொட்டித் தேடினார்கள். திரும்பி வந்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. இல்லை, நீ பார்க்காததே நல்லது.

"நீலத்தக் காணோம் புள்ள! போட்டுக்கிட்டுப் போயிருக்கா! அந்தத் தம்பிகிட்ட கேளு, ஒல்லியா இருக்காளான்னு கேளு!"

கேட்டேன். நம் வழக்கப்படியே கேட்டேன். எங்கே நின்று பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, எதுவரைக்கும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வந்தது. 'சாரி சிஸ், சும்மா போட்டேன். லைக் வருதான்னு பாத்தேன். நான் இருக்கிறது சேலம்.' கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பஸ் முழுக்க யோசித்தேன். பாம்பன் பாலம் ஏறும்போது சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். உன்னிடம் இருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு புத்திதான். பார்க்காததைப் பார்த்ததாக வாயில் வர மாட்டேன் என்கிறது. பல நாள் அதை ஒரு சாபம் என்றே நினைக்கிறேன்.

"அம்மா, அந்தப் பையன் சும்மா போட்டானாம். அவன் மன்னாருக்கே போனதில்லையாம்."

உன் அம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. மடியில் மடித்து வைத்திருந்த உன் துணி ஒன்றைக் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டிருந்தார்கள். பிறகு போனை என் பக்கம் நகர்த்தினார்கள்.

"கீழ தள்ளு புள்ள. இன்னும் இருக்கும்ல."

தள்ளினேன். இருந்தது. வாசித்தேன். தள்ளினேன். இன்னும் இருந்தது.

"பக்கத்தையே அழிச்சிருத்தா" என்கிறார் எங்கள் அய்யா. நான் அழித்தால் நம்முடையதுதான் போகும், அவர்களுடையது இருக்கும். புகார் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்று போனால் வேறு பெயரில் இரண்டு வருகிறது. மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை அக்கா, உன்னிடம் பொய் சொல்ல முடியாது. ஆனாலும் கேட்கத்தான் போகிறேன்.

இதைப் படிக்கிற ஒரு லட்சம் பேரே, உங்களிடம் கேட்கிறேன். இந்த மடலை நீங்கள் பகிர வேண்டாம். இதயம் போட வேண்டாம். அக்காவைப் பார்த்தேன், கேள்விப்பட்டேன், எங்கேயோ இருக்கிறாராம் என்று எப்போதாவது எங்கேயாவது எழுதியிருந்தால், தேடிப் போய் அதை அழித்துவிடுங்கள். எழுதினவரைத் தெரிந்தால் அவரிடம் சொல்லுங்கள். அழித்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை போடுங்கள். ஓர் அம்மா விரலால் கீழே தள்ளிக்கொண்டே வருகிறார்கள். ஓர் இடத்தில் அது முடிய வேண்டும். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்று அவர்கள் கண்ணாலே பார்க்க வேண்டும்.